சாகியின் ஜன்னலும் ஓ. ஹென்றியின் சிலேடையும்



கதை படித்து ஆங்கிலம் கற்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஓ. ஹென்றியை. அவர் கதை ஒன்றில், மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வருகிறான். 1905இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த இந்தக் கதையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் பழக வருகிறவருக்கு இதை முதல் பாடமாக வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவருடைய நடைதான் காரணம். ஓ. ஹென்றி வேண்டுமென்றே பகட்டான சொற்களை அள்ளி இறைப்பவர். வாரம் எட்டு டாலர் வாடகையில் இருக்கும் ஓர் ஏழை வீட்டை வர்ணிக்கும்போதே, பிச்சைக்காரர்களைப் பிடிக்கும் போலீஸை வைத்து, பகட்டான ஒரு வார்த்தையில் சிலேடை போடுவார். இந்த ஓட்டை வீட்டுக்கு இவ்வளவு பெரிய வார்த்தையா என்று அமெரிக்க வாசகர் சிரித்திருப்பார். நாம் சிரிக்க மாட்டோம். அகராதியைப் புரட்டி அந்த வார்த்தையை நோட்டில் எழுதிக்கொள்வோம். பிறகு மேனேஜருக்கு எழுதும் லீவு லெட்டரில் அதைப் பக்தியோடு சேர்த்துவிடுவோம். கேலியையும் கௌரவத்தையும் பிரித்தறியக் காது பழகும்வரை ஓ. ஹென்றி காத்திருக்கட்டும்.

எளிய ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிய பதிப்புகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. டாக்காவில் ஆசிரியப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளின் சிரமத்தைப் பார்த்துவிட்டு, குறைந்த சொற்களைக் கொண்ட வாசக நூல்களை உருவாக்கினார். ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி 1959இல் சுமார் 1500 சொற்களுக்குள், நிதானமான வேகத்தில் பேசும் ஒலிபரப்பைத் தொடங்கியது. அமெரிக்கச் சிறுகதைகளையும் அந்த முறையில் வாசித்தார்கள். இதெல்லாம் நல்ல காரியம். ஆனால் சுருக்கும்போது ‘என்ன நடந்தது’ என்பது மட்டும் தங்கும். ‘எப்படிச் சொன்னார்கள்’ என்பது போய்விடும். மொழி கற்கிறவருக்கு வேண்டியதோ அந்த இரண்டாவது சமாசாரம்.

ஒரு கதையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ‘திறந்த ஜன்னல்’, எழுதியவர் சாகி. இயற்பெயர் ஹெக்டர் ஹியூ மன்ரோ. பர்மாவின் அக்யாபில் 1870இல் பிறந்தவர், 1916இல் பிரான்ஸ் போர்முனையில் மாண்டவர். கதை நாலைந்து பக்கம்தான். நரம்புத் தளர்ச்சிக்காக ஓய்வெடுக்கக் கிராமத்துக்கு வந்த ஒருவர், அறிமுகக் கடிதத்தோடு ஒரு வீட்டுக்குப் போகிறார். அத்தை மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள், பதினைந்து வயது மருமகள் வீரா பேச்சுக் கொடுக்கிறாள். இந்த ஊரில் உங்களுக்கு ஆட்களைத் தெரியுமா? அத்தையைப் பற்றி ஒன்றுமே தெரியாதா? உபசாரக் கேள்விகள் மாதிரிதான் இருக்கும். இவருக்கு யாரையும் தெரியாது என்பது உறுதியான பிறகே அவள் புளுகை அவிழ்க்கிறாள்: மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில் அத்தையின் கணவரும் தம்பிகள் இருவரும் அறையில் திறந்து கிடக்கும் அந்த ஜன்னல் வழியாக வேட்டைக்குப் போனார்கள், சதுப்பு நிலத்தில் மூழ்கினார்கள், உடல்கூடக் கிடைக்கவில்லை.

அவள் சொல்வதெல்லாம் இறந்த காலம். அப்புறம் அத்தை வருகிறாள். அவள் பேச்சில் காலம் மாறிவிடுகிறது: இன்று வேட்டைக்குப் போயிருக்கிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்கிறாள். வேறு எதுவும் நடக்கவில்லை. பள்ளியில் கட்டம் போட்டு மனப்பாடம் செய்த அதே வினை வடிவங்கள்தான் இங்கே அந்த மனிதரை மயிர்க்கூச்செறிய வைக்கின்றன. இந்த இடத்தை ஒரு தடவை அனுபவித்துப் படித்தவருக்கு அந்தக் கால வேறுபாட்டைத் தனியாக விளக்க வேண்டாம். சற்று நேரத்தில் வேட்டைக்காரர்கள் நாயோடு வந்தே விடுகிறார்கள். விருந்தாளி தலைதெறிக்க ஓடுகிறார். அவருக்கு நாய் என்றால் பயம், கங்கைக் கரையில் தெருநாய்கள் துரத்திச் இடுகாட்டுக்குள் விரட்டியிருக்கின்றன என்று வீரா கூசாமல் அடுத்ததை அவிழ்த்துவிடுவாள். பாவம், கங்கைக் கரை நாய்கள்!

சாகிக்குப் பிறகு காதரின் மேன்ஸ்ஃபீல்டுக்குப் போகலாம். நியூசிலாந்தில் பிறந்தவர், 1923இல், முப்பத்து நான்கே வயதில் காலமானார். ‘மிஸ் பிரில்’ என்ற அவர் கதையில், தனியாக வாழும் ஒரு பெண்மணி ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போய்ப் பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கிறாள். சொற்கள் பெரும்பாலும் எளியவை. ஆனால் இந்த வரி கதாசிரியர் சொல்வதா, மிஸ் பிரில் மனசுக்குள் சொல்லிக்கொள்வதா என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டே போக வேண்டும். மேற்கோள் குறி எதுவும் உதவாது. ஒவ்வொரு வாக்கியத்தின் நீளத்தையும் ஓசையையும்கூடத் தேர்ந்தெடுத்தேன், எழுதி முடித்துப் பலமுறை வாய்விட்டுப் படித்தேன் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே நாமும் வாய்விட்டே படிக்கலாம். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால், லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் பழைய கதைகளைப் படித்துப் பதிவு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

அகராதியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வாசிப்பில் அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். இரண்டாம் வாசிப்பில், எந்தச் சொல் தெரியாததால் கதை பிடிபடவில்லையோ அதை மட்டும் பாருங்கள். மரம், பறவை, துணிவகைப் பெயர்களை விட்டுத்தள்ளலாம்.

ஹெமிங்வே எளிது என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். ‘மழையில் ஒரு பூனை’ சின்னஞ்சிறு கதை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் தெரியாத சொல் அதிகம் இருக்காது. இத்தாலியில் ஓர் ஓட்டலில் தங்கியிருக்கும் அமெரிக்கப் பெண், மழைக்கு ஒதுங்கிய பூனை ஒன்றைக் கேட்கிறாள். கடைசியில் பணிப்பெண் ஒரு பூனையோடு வந்து கதவைத் தட்டுகிறாள். அது அதே பூனைதானா என்று விமர்சகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஓ. ஹென்றியை நான்காவதாக.