விடுபட்ட ஓர் எண்



வெள்ளி விழாவுக்குரிய 25 என்னும் எண்ணை மிச்சமின்றி வகுப்பவை மூன்றே: 1, 5, 25. அதனினும் சிறிய 24க்கோ எட்டு வகுத்திகள் உண்டு. இதனை நம் தாய்மார்கள் ஏடு தொடாமலே அறிவர். திண்டுக்கல் சிற்றூர்களில் கடலை பறித்த கூலி அறுபது ரூபாயானால் மூவர், நால்வர், ஐவர், அறுவர் எவரும் சரியாகப் பங்கிடலாம். அறுபத்தொன்றானால் சில்லறை தேட வேண்டும்.

தன்னிலும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகள் உடைய எண்ணை 'மிகு பகு எண்' எனலாம். 12, 24, 60 அத்தகையவை. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்து கேம்பிரிட்ஜ் சென்ற கணித மேதை இராமானுசன், 1915இல் இவ்வெண்களைப் பற்றி நெடுங்கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள பட்டியலின் இறுதி எண் 6746328388800; அதாவது ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல்! கணிப்பொறி இல்லாத காலம் அது.

அவர் பயின்ற திண்ணைப் பள்ளி நம் பாட்டன்மாருக்கு அடைத்திருந்தது. இதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையன்று. எனினும் அவருடைய உழைப்பு மலைக்கத்தக்கது.

அத்தகையவரின் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 293318625600. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். வகுத்திகளை எண்ண, அந்த முறைகளோடு ஒவ்வொன்றைக் கூட்டிப் பெருக்குக: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இதற்கு முந்தைய மிகு பகு எண்ணாகிய 195545750400க்கு 4608 வகுத்திகளே உள்ளன.

நான் சிறுவனாயிருந்தபோது, ஓர் ஆசிரியர் என் பலகையைத் தொடாமல், எட்ட நின்றே "தவறு" என்றார். வீட்டு வாசலில் மும்முறை பெருக்கிப் பார்த்தேன். விடை சரியாகவே இருந்தது. மறுநாள் அதனைச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அந்தப் பலகையை இன்றும் நினைக்கிறேன். சொன்னவர் யார், எழுதியவர் யார் என்று பெருக்கல் கேட்பதில்லை. இராமானுசன் விட்டதைக் கண்டறியவும் பெருக்கலே உதவியது.

அதனினும் சிறிய வேறோர் எண்ணுக்கு இத்தனை வகுத்திகள் இல்லை என நிறுவுவது கடினம். அதற்கு மேற்படிப்பு வேண்டும். பெருக்கிச் சரிபார்ப்பதற்கோ ஆறாம் வகுப்பே போதும்.

இன்னொன்று சொல்லி அமர்கிறேன். விடுபட்ட அந்த எண்ணை 23ஆல் பெருக்குங்கள். இராமானுசன் பட்டியலின் இறுதி எண்ணே வரும். இங்குள்ள மாணவர் எவரேனும் இன்றிரவே ஒரு தாளில் போட்டுப் பார்த்து, நாளை என்னிடம் காட்டலாம். தாளைக் கையில் வாங்கியே பார்ப்பேன்.