எந்த நாட்டிலும் இல்லாத இலாபம்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பன்னாட்டு நிறுவனம் ஒன்று தனது தாய்நாட்டுக்கு வெளியே ஈட்டும் இலாபத்தின் மீது யார் வரி விதிப்பது என்ற கேள்வி, தணிக்கையாளர்களுக்கும் வழக்குரைஞர்களுக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது உபரி மதிப்பின் பங்கீடு குறித்த கேள்வி. உழைப்பு நடைபெற்ற நாடு, சரக்கு விற்பனையான நாடு, தலைமையகம் அமைந்த நாடு ஆகிய மூன்றில் எதன் கருவூலத்திற்கு அந்தப் பணம் செல்ல வேண்டும்? பல்லாண்டுகளாகக் கிடைத்துவந்த விடை, மூன்றில் எதற்கும் இல்லை என்பதே.

ஆப்பிள் நிறுவனத்தின் கதை இதை நன்கு விளக்கும். அதன் கைப்பேசி கலிஃபோர்னியாவில் வடிவமைக்கப்படுகிறது. சீனத் தொழிலாளர்களின் கைகளால் உருப்பெறுகிறது, இன்று ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளர்களின் கைகளாலும்தான். பாரிசிலும் பெர்லினிலும் விற்பனையாகிறது. ஆனால் ஐரோப்பியக் கடையில் அதை வாங்கியவர், ஒப்பந்தத்தின்படி, அயர்லாந்தில் பதிவான துணை நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கியவர் ஆனார். ஆகவே இலாபம் அயர்லாந்துக்குச் சென்றது. அங்கும் அது தங்கவில்லை. அதன் மிகப்பெரும் பகுதி அத்துணை நிறுவனத்தின் ‘தலைமை அலுவலகத்திற்கு’ உரியது என்று கணக்கெழுதப்பட்டது. அந்த அலுவலகத்திற்குக் கட்டடம் கிடையாது, ஊழியர் ஒருவரும் கிடையாது. காகிதத்தில் மட்டுமே அது இருந்தது.

2011-இல் அத்துணை நிறுவனம் ஈட்டியது சுமார் 1,600 கோடி யூரோ. அயர்லாந்தில் வரிக்கு உரியதாகக் கொள்ளப்பட்டது சுமார் 5 கோடி யூரோ மட்டுமே. 2014-இல் அது செலுத்திய வரியின் உண்மை விகிதம் 0.005 விழுக்காடு. பத்து இலட்சம் யூரோ இலாபத்திற்கு 50 யூரோ வரி! அயர்லாந்தின் சட்டப்படியான நிறுவன வரியோ 12.5 விழுக்காடு.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்றே நிறுவனம் வாதிட்டது. ஒரு நிறுவனம் எங்கே பதிவாகியுள்ளது என்று அமெரிக்கச் சட்டம் பார்க்கிறது. எங்கிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று அப்போதைய அயர்லாந்துச் சட்டம் பார்த்தது. அயர்லாந்தில் பதிந்து அமெரிக்காவிலிருந்து நடத்தினால், இரு நாட்டுக்கும் அது அயலார். 2013-இல் அமெரிக்க செனட் துணைக்குழுவின் விசாரணையில் இது அம்பலமானது. 2016-இல் ஐரோப்பிய ஆணையம், வசூலிக்கப்படாத 1,300 கோடி யூரோவை வசூலிக்குமாறு அயர்லாந்துக்கு உத்தரவிட்டது. அயர்லாந்து அரசு என்ன செய்தது? தனக்கு வரவேண்டிய வரி வேண்டாம் என்று நீதிமன்றம் சென்றது. தமது கருவூலத்தைவிடப் பன்னாட்டு மூலதனத்தின் நல்லெண்ணமே பெரிது என்று ஆட்சியாளர்கள் கருதியதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை இறுதியாக உறுதிசெய்தது.

தாய்நாடான அமெரிக்கா ஏன் வாளாவிருந்தது? 2017 வரை அங்கு நிறுவன வரி 35 விழுக்காடு. ஆனால் வெளிநாட்டுத் துணை நிறுவனங்களின் இலாபத்தில் பெரும்பகுதிக்கு, அது அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டுவரப்படும்போதுதான் வரி. கொண்டுவராவிட்டால் வரி இல்லை. எனவே பணம் வெளியிலேயே குவிந்தது. 2004-இல் ‘வேலைவாய்ப்பு உருவாக்கச் சட்டம்’ என்ற பெயரில் ஒரு சலுகை வழங்கப்பட்டது: அந்தப் பணத்தைக் கொண்டுவந்தால் ஒருமுறை மட்டும் 5.25 விழுக்காடு வரி. சுமார் 31,000 கோடி டாலர் உள்ளே வந்தது. வேலைவாய்ப்பு? மிக அதிகமாகப் பணம் கொண்டுவந்த 15 நிறுவனங்கள் சேர்ந்து 20,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைத்தன என்று செனட் துணைக்குழுவே 2011-இல் கண்டறிந்தது. மாறாக, தமது பங்குகளைத் தாமே திரும்ப வாங்குவதும் உயர் நிர்வாகிகளின் ஊதியமும் பெருகின. அமெரிக்கத் தொழிலாளியும் இந்த ஏற்பாட்டில் இழந்தவரே.

2017-இல் டிரம்ப் ஆட்சி நிறுவன வரியை 21 விழுக்காடாகக் குறைத்தது. வெளியில் குவிந்திருந்த இலாபத்தில் ரொக்கத்திற்கு 15.5 விழுக்காடும் மற்றவற்றுக்கு 8 விழுக்காடும் விதித்து, அதையும் எட்டு ஆண்டுத் தவணையாக்கியது.

2021-இல் 136 நாடுகள், பெரும் நிறுவனங்களுக்கு உலகெங்கும் குறைந்தபட்சம் 15 விழுக்காடு வரி என்று ஒப்புக்கொண்டன. ஓரடி முன்னேற்றம்தான். ஆனால் 15 விழுக்காட்டுக்குக் குறையும் தொகை யாருக்கு? துணை நிறுவனம் இயங்கும் நாடு தானே முந்திக்கொண்டு வசூலிக்காவிட்டால், முதல் உரிமை தலைமையகம் உள்ள நாட்டிற்கு. பெரும்பாலான தலைமையகங்கள் எங்கே உள்ளன என்பதைச் சொல்லத் தேவையில்லை. விற்பனை நடக்கும் நாடுகளுக்கு இலாபத்தில் ஒரு பங்கைத் தரவேண்டிய மற்றொரு பகுதி நடைமுறைக்கே வரவில்லை. 2025 ஜூனில் ஜி-7 நாடுகள், அமெரிக்கத் தலைமையக நிறுவனங்களைக் குறைந்தபட்ச வரியின் முக்கிய விதிகளிலிருந்து விலக்க உடன்பட்டன.

இந்தியாவிடம் ஒரு சிறு கருவி இருந்தது. இங்கு அலுவலகமே இல்லாமல் இங்கிருந்து வருவாய் ஈட்டும் நிறுவனங்களுக்கான விளம்பரக் கட்டணத்தின் மீது 2016 முதல் 6 விழுக்காடு சமன்படுத்தும் வரி. 2020 முதல் இணையவழி வணிகத்தின் மீது 2 விழுக்காடு. அமெரிக்கா இதன்மீது வணிக விசாரணை தொடங்கி மிரட்டியது. 2 விழுக்காடு வரி 2024 ஆகஸ்டில் கைவிடப்பட்டது; 6 விழுக்காடு வரி 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது. ஈடாக மோடி அரசு பெற்றது என்ன என்பதற்கு மக்கள் காணும்படியான விடை இல்லை.

வேறு வழியே இல்லையா? உண்டு. பன்னாட்டு நிறுவனத்தை நூறு துணை நிறுவனங்களாகப் பார்க்காமல் ஒன்றாகப் பார்ப்பது. அதன் உலக இலாபத்தை, எங்கே எத்தனை தொழிலாளர், எவ்வளவு விற்பனை, எவ்வளவு சொத்து என்ற அளவுகோல்களால் நாடுகளுக்குப் பகிர்ந்து, அந்தந்த நாடு வரி விதிப்பது. இது கனவு அல்ல. அமெரிக்க மாநிலங்கள் தமக்குள் நிறுவன இலாபத்தைப் பகிர்ந்துகொள்வது இத்தகைய முறையில்தான். 2023 நவம்பரில் ஆப்பிரிக்க நாடுகளின் முன்முயற்சியால், ஐ.நா. சபையின் கீழ் வரி ஒத்துழைப்பு உடன்படிக்கையை நோக்கிச் செல்லும் தீர்மானம் 125-க்கு 48 என்ற வாக்குகளில் நிறைவேறியது. எதிர்த்தவை பெரும்பாலும் பணக்கார நாடுகள். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா பேச்சுவார்த்தையிலிருந்தே வெளியேறியது.

2019 ஏப்ரலில் இந்தியாவின் மத்திய நேரடி வரிகள் வாரியமும், விற்பனை, ஊழியர், சொத்து ஆகியவற்றின் அடிப்படையில் இலாபத்தைப் பகிரும் முறையைப் பரிந்துரைத்த குழு அறிக்கை ஒன்றைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அது சட்டமாகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்றிய அரசு நிறுவன வரியை 30-லிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் இழப்பு என்பது அரசே வெளியிட்ட மதிப்பீடு.