தாவும் மரபணுவும் கோழித் தீவனமும்

(உழவர் பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



மக்காச்சோளக் கதிரில் ஊதாப் புள்ளி தெறித்த மணிகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மெக்ளின்டாக் அம்மையார் இத்தகைய மணிகளை ஆராய்ந்து, சில மரபணுத் துண்டுகள் ஓரிடத்தில் நில்லாமல் இடம் மாறுகின்றன என்று 1940களில் கண்டறிந்தார். அன்று பலர் இதை ஏற்கவில்லை. 1960களின் இறுதியில் பாக்டீரியாவிலும் தாவும் துண்டுகள் இருப்பது தெரிய வந்தது. 1983-ல் அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாக்டீரியாவில் உள்ள இந்தத் துண்டுகள் நமது கோழிக் கொட்டகைக்கும் வயலுக்கும் தொடர்புடையவை. ஆகவே அவற்றைப் பற்றி இன்று கூறுகிறேன்.

எப்படித் தாவுகின்றன?

டி.என்.ஏ. ஒரு நீண்ட இழை. தாவும் துண்டு அதில் ஒரு சிறு பகுதி. 'டிரான்ஸ்போசேஸ்' என்ற நொதியை உண்டாக்கும் மரபணு அதற்குள்ளேயே இருக்கிறது. துண்டின் இரு முனைகளும் எல்லைக்கல் போன்றவை. நொதி இம்முனைகளை அடையாளம் கண்டு பற்றி, அருகருகே கொண்டு வந்து, வெட்டுகிறது. பிறகு இழையின் வேறோர் இடத்தில் துண்டைச் செருகுகிறது. நாற்றைப் பறித்து வேறு வயலில் நடுவது போன்ற வேலை இது. வேறு சில துண்டுகள், தாய் வாழை நிற்கப் பக்கக் கன்று விடுவதுபோல, தம் நகலை மட்டும் புதிய இடத்துக்கு அனுப்பும்.

ஒரு மரபணுவின் இருபுறமும் ஒரே வகைத் துண்டு அமைந்துவிட்டால், நடுவில் உள்ள மரபணுவும் சேர்ந்து தாவும். அது மருந்தை எதிர்க்கும் மரபணுவாக இருந்தால் ஆபத்து. 'பிளாஸ்மிட்' என்னும் வட்ட வடிவ டி.என்.ஏ.வில் அது ஏறிக்கொண்டால், வேறு இன பாக்டீரியாவுக்கும் போய்ச் சேரும்.

சீனாவில் கண்டது

கோலிஸ்டின் என்பது மற்ற மருந்துகள் பலிக்காதபோது மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து. சீனாவில் இதைப் பன்றி, கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்து வந்தார்கள். இதை எதிர்க்கும் 'எம்.சி.ஆர்.-1' என்ற மரபணு, பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் எடுத்த பாக்டீரியாவில் இருப்பதாக 2015-ல் அந்நாட்டு விஞ்ஞானிகள் அறிவித்தனர். தாவும் துண்டு ஒன்றே அதைப் பிளாஸ்மிட்டில் ஏற்றியிருந்தது. விரைவில் பல நாடுகளிலும் அது காணப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரபணு தாவுவது தற்செயல். ஆனால் தினமும் தீவனத்தில் மருந்து இருந்தால் மற்ற பாக்டீரியா மடிந்து, எதிர்ப்புள்ளது மட்டும் பெருகும். ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் அதற்கு அடங்காத களை மட்டும் மிஞ்சுவதைப் போன்றதே இது.

2017-ல் சீனா தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. அதன்பின் நடந்த ஆய்வுகளில் இந்த மரபணு வெகுவாகக் குறைந்திருந்தது. நம் நாட்டிலும் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன்களுக்குக் கோலிஸ்டின் பயன்படுத்துவது 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை

1. எடை கூடுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கலக்க வேண்டாம். தீவனப் பையின் சீட்டைப் படித்து வாங்குங்கள்.

2. நோய் கண்டால் கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். அவர் குறிப்பிடும் நாட்கள் கழியும் வரை முட்டை, இறைச்சியை விற்க வேண்டாம்.

3. தடுப்பூசி, சுத்தமான குடிநீர், உலர்ந்த கூளம், இவை மூன்றும் இருந்தால் மருந்துச் செலவு குறையும்.

4. கோழி எருவைப் பச்சையாக வயலில் இட வேண்டாம். குவித்து, சூடேறி நன்கு மக்கிய பின் இடுங்கள். மக்கும்போது உண்டாகும் சூட்டில் பாக்டீரியா பெரும்பாலும் மடியும். எதிர்ப்பு மரபணுக்கள் முழுவதும் அழிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. எனவே முதல் மூன்று யோசனைகளே முக்கியம்.

கோழிக்குத் தேவையின்றிக் கொடுக்கும் மருந்து, நாளை நம் வீட்டுக் குழந்தைக்குத் தேவைப்படும்போது பலிக்காமல் போகலாம். இதை மனத்தில் கொண்டு செயல்படுமாறு கேட்டுக்கொள்கிறேன்.