காத்திருத்தலும் பணிவிடையும்



சென்ற ஆண்டு கொமரலிங்கத்து இளைஞர் ஒருவர், திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் எழுதி, திருத்தித் தருமாறு நம்மிடம் கொணர்ந்தார். மேனேஜரைக் காண ஒரு மாதமாகக் காத்திருப்பதாகக் கூற எண்ணி, ‘வெயிட்டிங் ஆன் தி மேனேஜர்’ என்று எழுதியிருந்தார். நாம் சிவப்பு மை இட்ட இடம் அதுவே. ‘வெயிட் ஆன்’ என்றால் ஒருவர் அருகில் நின்று பணிவிடை செய்தல். உணவு விடுதியில் பரிமாறுபவரை ‘வெயிட்டர்’ என்பதும் இதுபற்றியே. பிறர் வாசலில் கைகட்டி நின்றது போதும் என்றுதான் நம் பெற்றோர் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினர். ஒரு சிறு சொல்லின் பிழையால் மீண்டும் அங்கே போய் நிற்பானேன்?

காத்திருத்தலுக்கு உரியது ‘வெயிட் ஃபார்’. இதற்கு நம் தமிழே வழிகாட்டும். ‘விடைக்காகக் காத்திருக்கிறேன்’ என்கிறோம். அந்த ‘க்காக’தான் ‘ஃபார்’. ‘விடையை எதிர்நோக்குகிறேன்’ என்னும்போது ‘க்காக’ இல்லை, அது ‘அவெயிட்’. ஆகவே ‘அவெயிட்டிங் ஃபார்’ என்பது ‘விடையைக்காக’ என்பது போன்றது. நம் மாணவர் பலர் வழுக்கி விழும் இடம் இது.

அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘வெயிட் ஆன்’ என்பதைக் காத்திருத்தல் பொருளிலும் ஆள்வோர் உண்டு. அங்கிருந்து ஆர்டர் கொடுப்பவர் ‘வெயிட்டிங் ஆன் தி சாம்பிள்’ என்று எழுதினால், நமக்குப் பணிவிடை செய்கிறார் என மகிழ வேண்டா. சாம்பிளை விரைந்து அனுப்புக!

அண்ணல் அம்பேத்கர் தாம் பட்டவற்றை எழுதிய சிறு நூலின் பெயர் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’. அவர் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் அதனை 1990இல் வெளியிட்டது. 1901இல், சிறுவராய், தந்தையைக் காண அண்ணனோடும் அக்காள் மக்களோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். வருவதாக எழுதிய கடிதம் தந்தையின் கைக்குச் சேரவில்லை. அழைத்துப்போக ஆள் வருவாரென்று காத்திருக்கிறார்கள். சாதியைக் கேட்ட நிலைய அதிகாரி பின்வாங்குகிறார். ஏற்றிச் செல்ல எந்த வண்டிக்காரரும் இசையவில்லை. முடிவில் இருமடங்கு கூலி தந்து, சிறுவர்களே மாடுகளை ஓட்டுகிறார்கள். வண்டிக்காரர் உடன் நடந்து வருகிறார். விசா என்பது அயல்நாட்டார் உள்ளே நுழையப் பெறும் அனுமதி. பிறந்த நாட்டிலேயே அதற்குக் காத்திருந்ததைச் சொன்ன பெருமகனார் தேர்ந்த சொல் ‘ஃபார்’.

விண்ணப்பம் எழுதுவோர் ஞாயிறு காலை நம் சங்கப் படிப்பகத்திற்கு நகலோடு வருக. சிவப்பு மைப் பேனா நம்மிடம் இருக்கிறது.