வளர்ற பொண்ணு, வளராத மட்டை



தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் நம் வீடுகளில் ஒரு வசனம் தவறாமல் வரும். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே எடு." ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், இதைப் பத்து அம்மாக்கள் வாயிலிருந்து கேட்டுவிடலாம். பள்ளிச் சீருடைக்கும் இதே கதைதான். கால்சட்டையின் அடியை உள்ளே மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவோம். ஷூ பெரிதாக இருந்தால் முனையில் பஞ்சு. நானும் பஞ்சு வைத்த ஷூவில் ஓடி வளர்ந்தவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு பொருளை மட்டும் அப்படி வாங்காதீர்கள் என்று முப்பது வருஷமாகப் பெற்றோரிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் விளையாடும் மட்டைதான் அது.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். பி.டி. மாஸ்டர் என்றால்தான் உங்களுக்கு முகம் தெரியும். தரமணியில் குடியிருக்கிறேன். வாரநாளில் எங்கள் பக்கம் வந்தால் டைடல் பார்க் சிக்னலில் நின்று நின்றே வயதாகிவிடும். ஞாயிறு காலை வந்து பாருங்கள். அலுவலகங்களுக்கு நடுவே ஓடும் உள்தெருக்கள் காலியாகக் கிடக்கும். இரண்டு கல்லை அடுக்கி, டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு பையன்கள் இறங்கிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று, சாக்கடைக்குள் விழும் பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். அப்படி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பள்ளியில் சாஃப்ட்பால் அணியில் சேர்ந்துவிட்டாள். அவள் அப்பா ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்டர், பாப்பாவுக்கு ஒரு பேட் வாங்கணும். கொஞ்சம் பெருசாவே பார்த்துடலாம். வளர்ற பொண்ணு பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாஃப்ட்பால் என்றால் என்ன என்று சிலர் யோசிப்பீர்கள். பேஸ்பாலின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானம் சின்னது, பந்து பெரியது, வீசுபவர் கையைக் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும். 1887-ல் சிகாகோவில் ஒரு படகு கிளப்பில் பிறந்த ஆட்டம் இது. ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த கால்பந்தாட்ட முடிவு தந்தியில் வரக் காத்திருந்தவர்களில் ஒருவர், பழைய குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் ஒரு கட்டையால் அதைத் திருப்பி அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் கையுறையை உருண்டையாகக் கட்டி, தரையில் கோடு போட்டு, ஆட்டத்தையே தொடங்கிவிட்டார். முதல் மட்டை துடைப்பக்கட்டை! சாஃப்ட்பால் என்ற பெயர் வந்தது 1926-ல். அதைச் சூட்டியவர் வால்டர் ஹக்கன்சன், அமெரிக்காவின் டென்வர் நகர ஒய்.எம்.சி.ஏ.காரர். அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1920-ல், ஹாரி குரோ பக் என்ற இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. அமெரிக்கர் நம் சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அதுதான் இன்றைய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. அடையாற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம். நானும் அங்கே படித்தவன் என்பதால் இந்தச் சம்பந்தத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பெயரில் 'சாஃப்ட்' இருக்கிறதே என்று பந்தைக் கையால் தடுக்கப் போய்விடாதீர்கள். ஆண்கள் கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். சாஃப்ட்பால் 178 முதல் 198 கிராம். சுற்றளவு 30 சென்டிமீட்டர், உரித்த நடுத்தரத் தேங்காய் ஒன்றின் அளவு. வீசும் தூரமோ பெண்களுக்கு 43 அடிதான், அதாவது 13 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர். வீசும் பெண் ஓர் எட்டு முன்னால் எடுத்து வைத்துத்தான் பந்தை விடுவாள். ஆகவே மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளிப் பெண் வீசினால்கூட, மட்டைக்காரிக்குக் கிடைப்பது அரை விநாடிக்குச் சற்று மேல். ஜப்பானின் யுகிகோ உவேனோ மாதிரி 110 கிலோமீட்டருக்குப் போனால் 0.4 விநாடிகூட இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அந்தப் பெண் இரண்டே நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

அந்த அரை விநாடிக்குள் பந்தைப் பார்க்க வேண்டும், அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும், மட்டையைச் சுழற்றிக் கொண்டுவர வேண்டும். மட்டை கனமாக இருந்தால் சுழற்ற நேரம் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்க வேண்டும். முன்கூட்டியே தொடங்கினால் பந்தை ஒழுங்காகப் பார்த்திருக்க முடியாது. மட்டையின் கனம் முதலில் சோதிப்பது கண்ணைத்தான். கைவலியெல்லாம் அப்புறம்.

சரி, கடைக்குப் போவோம். அப்பா, பெண், நான் மூவரும் தரமணியில் பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, நேரு ஸ்டேடியம் பக்கம் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைகளுக்கு நடந்தோம். முதல் கடைக்காரர் தடித்த மரக்கட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "விளையாடவா சார், கார்ல வைக்கவா?" என்றும் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நம் சினிமாவில் இந்த மட்டையைப் பந்து அடிக்க எடுத்தவர் குறைவு. அவர் காட்டியது பேஸ்பால் மட்டை. சாஃப்ட்பாலுக்கு அது ஆகாது. சாஃப்ட்பால் மட்டையின் பருத்த பகுதி 5.7 சென்டிமீட்டர் விட்டத்தைத் தாண்டக்கூடாது. நீளம் 34 அங்குலம், எடை 38 அவுன்ஸ் என்பது உச்சவரம்பு. பெரியவர்களுக்கான உச்சவரம்பு என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த கடையில் அலுமினிய மட்டைகள் இருந்தன. உள்ளே வெற்றுக் குழாய். பந்து பட்டதும் சுவர் மெல்ல உள்வாங்கி, திரும்ப எகிறித் தள்ளும். மரத்தைவிட இலேசு, உடைவதும் குறைவு. கிரிக்கெட்டில் மட்டும் இது ஏன் இல்லை என்று பாப்பா கேட்டாள். நல்ல கேள்வி. 1979 டிசம்பரில் பெர்த் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கினார். பந்து கெடுகிறது என்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி ஆட்சேபித்தார். மாற்றச் சொன்னதும் லில்லி கோபத்தில் மட்டையை விட்டெறிந்தார். அதன்பிறகு மட்டையின் பலகை மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று விதியே எழுதிவிட்டார்கள். அதே லில்லிதான் 1987 முதல் நம் ஊர் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சிக் கூடத்தில் கால் நூற்றாண்டு பந்துவீச்சு சொல்லிக்கொடுத்தவர்.

கடைக்காரர் இரண்டு மட்டை எடுத்து வைத்தார். ஒன்று 33 அங்குலம், ஒன்று 29. விலை வித்தியாசம் அதிகமில்லை. அப்பாவின் கை நேராகப் பெரியதுக்குப் போனது.

"வெலை கிட்டத்தட்ட ஒண்ணுதானே மாஸ்டர். அதோட இது கனமா இருக்கு, ஸ்ட்ராங்கா இருக்கும். அது காத்தாட்டம் இருக்கு."

எவர்சில்வர் பாத்திரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கிப் பழகிய கை அப்படித்தான் சொல்லும். பக்கத்துக் கடைத் தராசைக் கேட்டு வாங்கி இரண்டையும் நிறுத்தோம். பெரியது 765 கிராம், சின்னது 540. வெளிநாட்டு மட்டைகளில் கைப்பிடி அருகே நீளமும் எடையும் அச்சிட்டிருக்கும். அங்குலத்தில் சொன்ன நீளத்திலிருந்து அவுன்ஸில் சொன்ன எடையைக் கழித்து வருவதை 'டிராப்' என்பார்கள். 29 அங்குலம், 19 அவுன்ஸ் என்றால் டிராப் பத்து. எண் பெரிதாக ஆக, நீளத்துக்கு மட்டை இலேசு. சின்னப் பெண்களுக்குப் பத்தும் அதற்கு மேலும் நல்லது. நாங்கள் பார்த்த பெரிய மட்டைக்கு ஆறு. அது தோள் திரண்ட கல்லூரி மாணவிக்கு.

வெறும் 225 கிராம்தானே கூட, கால் கிலோ தக்காளி கூட இல்லையே என்று தோன்றும். வீட்டில் சுத்தியல் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். இரும்புத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டையை ஆட்டுங்கள். பிறகு கட்டையின் கடைசியைப் பிடித்துத் தலையை ஆட்டுங்கள். எடை மாறவில்லை, ஆனால் மணிக்கட்டு என்ன சொல்கிறது? கனம் கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதன் இருமடிப் பெருக்கத்தில் சுழற்றும் சிரமம் ஏறும். நீளமும் கனமும் சேர்ந்து கூடினால் நுனி பாறாங்கல் மாதிரி இழுக்கும். ஒரே எடையுள்ள இரண்டு மட்டையில்கூட நுனிப்பக்கம் கனத்தது ஒன்று, கைப்பக்கம் கனத்தது ஒன்று என்று இருக்கும். தராசு இதைச் சொல்லாது, சுழற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஆகையால் பிள்ளை இல்லாமல் மட்டை வாங்கப் போகாதீர்கள். பிறந்தநாளுக்குத் திடீரென்று கொடுத்து அசத்தும் ஆசையை இதில் மட்டும் விட்டுவிடுங்கள்.

பாப்பாவைக் கடை வாசலில் நிறுத்தினேன். மட்டையின் அடிக் குமிழை நடு நெஞ்சில் வைத்து, மட்டையைப் பக்கவாட்டில் நீட்டிய கையோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். சின்ன மட்டையின் நுனியை அவள் விரல்கள் வளைத்துப் பிடித்தன. பெரியது எட்டவே இல்லை. பிறகு ஒரே கையால் அடியைப் பிடித்து, தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி நிற்கச் சொன்னேன். பெரிய மட்டை ஐந்து எண்ணுவதற்குள் தாழ்ந்தது. சின்னதோடு இருபது வரை நின்றாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் முகத்தில் இன்னும் சமாதானம் வரவில்லை.

"சச்சின் சின்ன வயசுல அண்ணன் பேட்டுலதானே விளையாடினாரு மாஸ்டர்?"

கேட்கத்தான் செய்வார்கள். அண்ணன் மட்டை பெரிதாக இருந்ததால்தான் சச்சின் கைப்பிடியின் அடியில், பலகைக்கு அருகே பிடித்துப் பழகினார் என்பார்கள். கடைசி வரை கனமான மட்டைதான் வைத்திருந்தார். உண்மைதான் தம்பி, ஆனால் அண்ணன் மட்டையோடு போராடிக் கையை ஒடித்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்த பையன்களை யாரும் பேட்டி எடுக்கவில்லையே என்றேன். சின்ன மட்டையை வாங்கினோம்.

வாங்கிய பிறகும் மைதானத்தில் கவனியுங்கள். வலக்கை ஆட்டக்காரி அடிப்பதெல்லாம் வலப்பக்கமாகவே சிதறிக்கொண்டிருந்தால் மட்டை பந்துக்குத் தாமதமாக வருகிறது என்று பொருள். கனம் காரணமாக இருக்கலாம். கை விண்ணென்று தெறிக்கிறது என்று பிள்ளை சொன்னால், பந்து நுனியிலோ கைப்பிடி அருகிலோ படுகிறது. மட்டையைக் குறை சொல்லாதீர்கள், பயிற்சியைப் பாருங்கள்.

கரிம இழையால் செய்த காம்பசிட் மட்டையும் உண்டு. அமெரிக்காவில் உயர்ரகம் 300 டாலரைத் தாண்டும். நூறு நூற்றைம்பது அடி அடித்துப் பழக்கிய பிறகுதான் அது முழு குணத்தைக் காட்டும். குளிரில் விரிசல் விடும் என்று எச்சரிப்பார்கள். சென்னைவாசிகளுக்கு அந்தக் கவலை மட்டும் இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. நமக்கு எதிரி வியர்வை. மே மாதம் கைப்பிடி வழுக்கி மட்டை பறந்து யார் மேலாவது விழும். பேட்மிண்டன் ராக்கெட்டுக்குச் சுற்றும் கிரிப் டேப்பே போதும், நைந்ததும் மாற்றிவிடுங்கள். மழையில் ஊறிய பந்தையும் கிரிக்கெட் பந்தையும் அலுமினியத்தில் அடிக்க விடாதீர்கள், பள்ளம் விழும். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் அந்த மட்டையின் காலம் முடிந்தது.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. கிட்டுப் பையில் ஒரே ஒரு மட்டை போட்டு, ஆறாம் வகுப்புக் குழந்தையும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணும் அதையே சுழற்றும் அணிகளைப் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த ஒன்றுக்குப் பதிலாக 28, 30, 32 அங்குலம் என்று மூன்று சாதாரண மட்டை வாங்குங்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் இருக்கிறது, சாஃப்ட்பாலும் இருக்கிறது. இரண்டையும் டி.வி.யில் பார்த்துவிட்டு மறுநாள் பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவார்கள்.

அந்த 29 அங்குல மட்டை பாப்பாவுக்கு ஒன்றரை வருஷம் உழைத்தது. இப்போது அவள் கையில் 31 அங்குல மட்டை. பழையது கனகம் பக்கத்தில் ஒரு பத்து வயதுக் குழந்தையிடம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் பிள்ளை வளர்ந்து விட்டுப்போன மட்டை ஏதாவது கிடக்கும். கிரிக்கெட் மட்டையானாலும் சரிதான். துடைத்து, கடைத் தராசில் நிறுத்து, எடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டி, பக்கத்துப் பள்ளி பி.டி. மாஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள்.