தம் நோயை அறியாத நோயாளி

நோயுற்றவர் தாமே முன்வந்து தம் குறையை எடுத்துரைப்பார் என்ற எண்ணத்தின் மீதே நாட்டின் சுகாதாரப் பணிகள் பெரிதும் அமைந்துள்ளன. காய்ச்சலுக்கு இது பொருந்தும். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்குப் பொருந்தாது. அந்நோயாளிகளில் பலர் தமக்கு நோய் இருப்பதையே அறியார். மாணவர்களும் அலுவலர்களும் கூடியுள்ள இவ்வவையின் கவனத்திற்குரிய செய்தி இதுவே.

இடக்கையும் இடக்காலும் செயலிழந்த பின்னரும் அதனை அறியாதிருந்த நோயாளிகளைப் பற்றி, 1914-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜோசப் பாபின்ஸ்கி என்னும் நரம்பியல் மருத்துவர் எடுத்துரைத்தார். அந்நிலைக்கு அவர் இட்ட பெயர் 'அனோசோக்னோசியா'. நோயை அறியாமை என்பது பொருள். மறதிநோயிலும் இந்நிலை பரவலாகக் காணப்படுகிறது.

இதன் காரணத்தை மூளையின் இரத்த ஓட்டம் ஓரளவு விளக்குகிறது. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் ஓய்ந்திருக்கையில் செலவாகும் பிராணவாயுவில் சுமார் 20 விழுக்காட்டைப் பெறுகிறது. உழைக்கும் பகுதிக்கு இரத்தம் மிகுதியாகப் பாயும். மின் நுகர்வு குறைந்த ஆலையில் இயந்திரங்கள் ஓய்ந்துள்ளன என்று பொருளியலார் ஊகிப்பதைப் போல, இரத்த ஓட்டம் குறைந்த பகுதி நலிந்துள்ளது என்று மருத்துவர் ஊகிக்கிறார். சிறிதளவு கதிரியக்கப் பொருளை இரத்தத்தில் செலுத்திப் படமெடுக்கும் முறையால் 1990-களில் சில ஆய்வுகள் நடைபெற்றன. தம் நோயை உணராத அல்ஸைமர் நோயாளிகளுக்கு மூளையின் முன்பகுதியில், குறிப்பாக வலப்புறத்தில், இரத்த ஓட்டம் குறைந்திருந்ததை அவை காட்டின. எல்லா ஆய்வுகளும் ஒரே இடத்தைச் சுட்டவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். ஓட்டம் குறைந்ததே நோய்க்குக் காரணம் என்றும் கொள்ளலாகாது. அணுக்கள் நலிந்து தேவை குறைந்ததன் விளைவாகவும் அது இருக்கலாம்.

ஆயினும் ஒன்று தெளிவு. "எனக்கு ஒன்றுமில்லை" என்று முதியவர் கூறுவதை வீட்டார் பிடிவாதம் என்று கருதிச் சினப்பதில் பயனில்லை. தவற்றைத் தவறென்று காட்டும் பகுதியே பழுதுபட்டிருக்கும்போது வாதம் எவ்வாறு எடுபடும்?

நிர்வாகத்திற்கும் இதில் பாடம் உண்டு. 2023-இல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோய்க்கு ஆளானவர்கள். அந்த ஆய்வு முதியவரைச் சோதித்ததோடு நில்லாமல், அவரை நன்கறிந்த ஒருவரையும் வினவியது. ஆனால் ஆஷா பணியாளர் வீடுதோறும் நிரப்பும் படிவத்தில், நெருங்கியவர்களின் பெயரோ வீட்டு முகவரியோ மறந்துபோகிறதா என்ற வினா முதியவரை நோக்கியே அமைந்துள்ளது. மறந்ததை மறந்தவர் 'இல்லை' என்றே விடையளிப்பார். படிவமும் அவரை நலமுள்ளவராகப் பதிவு செய்யும். அவ்வினாவை வீட்டிலுள்ள மற்றொருவரிடமும் கேட்டு, இரு விடைகளும் வேறுபட்டால் அவரை மருத்துவரிடம் அனுப்புமாறு பணியாளருக்கு அறிவுறுத்துவதற்குப் பெரும் செலவு ஏதும் தேவையில்லை.

தனித்து வாழும் முதியவர் நிலை கடினமானது. அவருக்காக விடையளிக்க வீட்டில் எவருமில்லை. அண்டை வீட்டார், அஞ்சல்காரர், ஓய்வூதியம் வழங்கும் வங்கி எழுத்தர் ஆகியோரே அவரிடம் ஏற்படும் மாற்றத்தை முதலில் காண்பவர்கள். அவர்கள் கண்டதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கும் வழியை இனிதான் வகுக்க வேண்டும்.