எழுத்து தானாக இடம் மாறாது

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் இணைச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

சென்ற காலாண்டின் பராமரிப்புக் கட்டணப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மறுநாள் காலை, மூன்றாம் மாடி அம்மா ஒருவர் ரசீதுடன் என் வீட்டுக்கு வந்தார். "முதல் வாரமே கட்டிட்டேனே தம்பி, என் பேர் ஏன் நிலுவையில இருக்கு?" என்று கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. லிஃப்டுக்குப் போகும் எல்லோர் கண்ணிலும் படும் போர்டு அது.

கம்ப்யூட்டரில் பார்த்தேன். முதல் பிரதியில் அவர் பெயர் 'செலுத்தியவர்கள்' என்ற தலைப்பின் கீழ் சரியாக இருந்தது. கடைசிப் பிரதியில் 'நிலுவை'க்குள் இறங்கியிருந்தது. வைரஸ் எதுவும் இல்லை. அந்த வரியைத் தேர்வு செய்து எழுத்தைப் பெரிதாக்கியபோது, டச்பேடில் என் விரல் பட்டு வரி இழுபட்டிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. தவறு என்னுடையது. அன்று மாலையே திருத்திய பட்டியலை ஒட்டி, அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பிராஜெக்ட், அலுவலக அறிக்கை என்று நீங்களும் ஏதாவது டைப் செய்கிறீர்கள். உங்களுக்கும் இது நடக்கலாம்.

காரணம் எளிது. தேர்வு செய்யாத எழுத்தின் மேல் மவுஸை அழுத்தி நகர்த்தினால், எழுத்து தேர்வாகும். ஏற்கெனவே தேர்வாகி நிறம் மாறியிருக்கும் எழுத்தின் மேல் அதையே செய்தால், எழுத்து இடம் மாறும். கை அசைவு ஒன்றுதான், பலன் வேறு. அதனால் வேலை முடிந்ததும் காலியான இடத்தில் ஒரு கிளிக் செய்து தேர்வை நீக்கிவிடுங்கள்.

இழுக்கும்போதே தவறு தெரிந்தால், பட்டனை விடுவதற்கு முன் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். விட்டபின் தெரிந்தால் கன்ட்ரோல், இசட். இழுக்கும்போது கன்ட்ரோல் விசை அழுந்தியிருந்தால் எழுத்து நகராது, இன்னொரு நகல் உண்டாகும். ஒரே வரி இரண்டு இடத்தில் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் இந்த வசதியையே நிறுத்திவிடலாம். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால், 'அலவ் டெக்ஸ்ட் டு பி டிராக்டு அண்ட் டிராப்டு' என்று ஒரு வரி இருக்கும். அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு எதையாவது நகர்த்த வேண்டுமானால் கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் வி போதும்.

லேப்டாப்பில் இருமுறை தட்டி இழுத்தால் அது மவுஸை அழுத்திப் பிடித்து இழுப்பதற்குச் சமம். விண்டோஸ் 11-இல் டச்பேடு அமைப்புகளுக்குள் 'டேப்ஸ்' பகுதியில் அதை நிறுத்தலாம்.

இழுப்பது பாதியிலேயே விட்டுப்போனால், மவுஸைச் சோதியுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். விரலை எடுக்காமலே நழுவி விழுந்தால் பட்டன் தேய்ந்திருக்கலாம். வேறு மவுஸ் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

படம் மட்டும் சொன்ன இடத்தில் நிற்காமல் தாவுகிறதா? வேர்டில் படம் முதலில் ஓர் எழுத்தைப் போல வரியோடு ஒட்டியே வரும். படத்தைக் கிளிக் செய்து, 'ராப் டெக்ஸ்ட்' பகுதியில் 'ஸ்கொயர்' என்று மாற்றினால் பெரும்பாலும் வேண்டிய இடத்தில் வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. இந்த அமைப்புகளை எல்லாம் மாற்றிய பிறகும், ஒட்டும் முன் படித்துப் பார்ப்பதற்கு ஈடில்லை. இனி நம் பட்டியலை நான் தயாரித்தால், பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகே போர்டுக்குப் போகும். வீட்டிலும் முக்கியமான காகிதம் எதையும் இன்னொருவர் படிக்காமல் அனுப்பாதீர்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு வரி நகர ஒரு நொடி போதும். ஒருவர் பெயர் மேல் விழுந்த சந்தேகத்தை நீக்க, நான் மூன்று மாடி ஏறி இறங்க வேண்டியிருந்தது.